417ஆம் கேரியர்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். நேரில் மட்டும் மரியாதையாக மிளகாயக்கா. பத்தொன்பது வருட சர்வீஸ். வீட்டில் உப்பு டப்பாவுக்குக்கூட லேபிள் ஒட்டுவாள். "என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடு, மாறிப்போயிடப் போறேன்" என்பார் கணவர்.

ரத்தக் குழாய்களை மெஷின் மெஷினாகக் கொண்டுபோகும் டிராக் வந்ததிலிருந்து அவள் தொண்டை கிழியச் சொன்னது ஒன்றே ஒன்று. தொடக்கத்தில் கேமரா குழாயின் லேபிளை ஒரே ஒரு தடவை படிக்கும். குழாயைச் சுமக்கும் சின்னத் தாங்கிதான் கேரியர். அதன் அடியில் ஒரு சிப். இந்தச் சிப்போடு இன்னார் ரத்தம் என்று கம்ப்யூட்டர் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் சிப்பைத்தான் கேட்கும், குழாயை ஏறெடுத்தும் பார்க்காது. நடுவழியில் குழாயைத் தூக்கினால் தொடக்கத்திலிருந்துதான் மறுபடி அனுப்ப வேண்டும். கொட்டை எழுத்தில் சுவரில் எழுதி ஒட்டியதும் அவள்தான்.

அன்று காலை டிராக் வளைவில் இரண்டு கேரியர்கள் சிக்கிக்கொண்டன. சூப்பர்வைசர் விருந்தாளிகளுக்குக் கூடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, இரண்டு குழாய்களைத் தூக்கி, கேரியர்களைத் தட்டிவிட்டு, திரும்பச் செருகினார்.

"சார், முதல்ல இருந்து அனுப்புங்க!" என்று கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினாள். அவர் சிரித்தபடி கையைக் காட்டி அடக்கினார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பதினோரு மணிக்கு வார்டு நர்ஸ் போன் செய்தாள். "அக்கா, அந்த கிட்னி கெட்ட லாரி டிரைவருக்கு நேத்து வரைக்கும் பொட்டாசியம் ஏறிக்கிட்டே இருந்துச்சு. இன்னைக்கு நார்மல்னு வந்திருக்கு. டாக்டர் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு. நம்பலாமா?"

மிளகாய் போனைக் கையில் பிடித்தபடியே எழுந்தாள். டிராக்கின் கடைசிக்கு ஓடினாள். திரையில் 417ஆம் கேரியர், லாரி டிரைவர். அதில் நின்ற குழாயின் லேபிளிலோ, சும்மா செக்கப்புக்கு வந்த ஒரு டீச்சர். டிரைவரின் ரத்தம் பக்கத்துக் கேரியரில் டீச்சர் பெயரைச் சுமந்து நின்றது.

"அவரை வெளிய விடாதே!" என்று போனில் அலறினாள். டிரைவரின் குழாயை மறுபடி தொடக்கத்திலிருந்து அனுப்பினாள். பொட்டாசியம் ஏழு புள்ளி ஒன்று. எந்த நிமிடமும் இதயம் நின்றுபோகும் அளவு. பஸ்ஸில் ஏறக் கால் வைத்த மனிதரை நர்ஸ் ஓடிப்போய்க் கூட்டி வந்தாள்.

மதியம் சூப்பர்வைசர் ஒரு படிவத்தை நீட்டினார். காரணம் என்ற இடத்தில், '417ஆம் கேரியர் பழுது.'

"கையெழுத்து போடுங்கம்மா. கேரியரைத் தூக்கிப் போட்டுடலாம்."

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, 'சூப்பர்வைசர் குழாய்களை மாற்றிச் செருகினார்' என்று எழுதினாள்.

"உங்களுக்குக் கோபம் ரொம்ப அதிகம்மா."

"பத்தல சார். பத்தியிருந்தா காலையிலயே உங்க கையைப் பிடிச்சிருப்பேன்."

கையெழுத்துப் போட்டாள். 417ஐத் துடைத்து மறுபடி டிராக்கில் வைத்தாள்.