ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீலா?

பரஸ்பர சம்மதத்தோடு பிரியலாம் என்று முடிவானதும் என் கணவர், "ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல் போதும், எங்க சித்தப்பாவே பாத்துப்பார்" என்றார். அலைச்சல் மிச்சம் என்று நானும் தலையாட்டினேன்.

தாம்பரத்தில் இருக்கும் தன் அலுவலகத்தில், "எல்லாம் வழக்கமா எழுதறதுதாம்மா, கையெழுத்துப் போடு" என்று பேனாவை நீட்டினார் சித்தப்பா. மனுவைப் படித்தேன். எங்கள் மகளை அவள் அப்பாவிடமே விட்டுவிட நான் சம்மதிப்பதாக அதில் இருந்தது.

"இதை நான் எப்போ சொன்னேன், மாமா?"

"வேலைக்குப் போறவ, குழந்தையை எப்படிம்மா பாத்துப்ப?"

"உங்க அண்ணன் பையன் மட்டும் வீட்லயா இருக்கார்?" என்று கேட்டு, பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

இப்போது எனக்கென்று தனி வக்கீல் இருக்கிறார். அவர் நீட்டும் தாளைக்கூட வரிவரியாகப் படித்த பிறகே கையெழுத்திடுகிறேன். மகள் என்னோடுதான் இருக்கிறாள். மாமாவுக்குக் கோபமாம், இருக்கட்டும். இதைப் பிரசுரித்தால் என் பெயரை மறைக்க வேண்டாம்.

– ரேவதி, சிட்லபாக்கம்