காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்

ஒரே வரிசையாய் ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் இருந்த நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை செத்தவர்களோடு நடப்போம். இதைச் சொன்னால் கல்லூரித் தோழிகள் அலறுகிறார்கள். எனக்கு அப்போது அது பள்ளிச் சுற்றுலா மாதிரி.

நான் பிறப்பதற்கு முன் ஒரு மழைக்காலத்தில் குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலந்துவிட்டது. தெற்கிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்திருந்த பலரை வாந்திபேதி கொண்டுபோயிற்று. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் தங்கையான என் சித்தியும் அவர்களில் ஒருத்தி. பெரியம்மாதான் பக்கத்தில் இருந்தாள். தண்ணீர் கொடுத்தால் பேதி கூடும் என்று எல்லோரும் சொன்னதால் அவள் கொடுக்கவில்லை. கடைசிவரை சித்தி கேட்டுக்கொண்டே இருந்தாளாம். இதை வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், பெரியம்மாவைத் தவிர.

மழை ஓய்ந்ததும் ஒரு ஞாயிறு மதியம் மயானம் வரை நடை. செருப்பு கூடாது, பேச்சு கூடாது, போய்ச் சேரும்வரை யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சொம்பில் எடுத்து, அதன் வாயைப் பனியன் வேஸ்ட் துணியால் கட்டிக்கொண்டுபோய், அவரவர் வீட்டாரின் குழித் தலைமாட்டில் ஊற்ற வேண்டும். நடக்கும்போது இடப்பக்கம் ஓர் ஆள் இடம் விட வேண்டும். அது இறந்தவருக்கு.

எட்டு வயதில்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பெரியம்மா புதுச் செல்போனை அணைத்து வைத்துவிட்டு என்னை வலக்கையில் பிடித்துக்கொண்டாள். மெஷின் ஓடாத தெருக்களை அன்றுதான் கண்டேன். எங்கள் காலடிகூடக் கேட்கவில்லை. நாங்கள் நெருங்க நெருங்க, வீடுகளுக்குள் குடங்களைத் தட்டு போட்டு மூடும் சத்தம் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

சாயத்தண்ணீர் தேங்கிய இடத்தில் பெரியம்மா இடப்பக்கம் பார்த்து மெல்லச் சொன்னாள்: “பாத்து வாட்டி, வழுக்கும்.”

“நான் இந்தப் பக்கம்லா இருக்கேன்” என்றேன். அவள் திரும்பவில்லை.

“பேசக் கூடாதுங் கண்ணு” என்று பின்னாலிருந்து லைன் வீட்டு ஓனர் கிசுகிசுத்தார். குழாய் ரிப்பேர் என்றால் கண்ணில் படாத மனிதர், இதற்கு மட்டும் தவறாமல் வருவார்.

வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்டது. சொம்பை நான் தூக்கிவருகிறேன் என்று சைகையில் கேட்டு வாங்கினேன். நைசாகப் பின்தங்கி, துணியை அவிழ்த்துப் பாதி குடித்துவிட்டேன்.

குழியருகே சொம்பை வாங்கிய பெரியம்மாவின் கை நின்றது.

“ஏட்டி, தண்ணி எங்க?”

“தாகமா இருந்துச்சு. குடிச்சுட்டேன்.”

“புள்ளைதானுங்க, உடுங்கக்கா” என்றார் ஓனர். “வேற சொம்பு கொண்டாரச் சொல்றேனுங்க.”

அவள் காதில் விழவேயில்லை. மண்ணில் உட்கார்ந்து, என் முகவாயைப் பிடித்து, சொம்பை வாயில் வைத்தாள். “குடிட்டி. இன்னுங் குடி.” என் முகத்தைப் பார்க்கவில்லை. தொண்டையில் தண்ணீர் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் ஊற்றாமல் நின்றார்கள். மூச்சு முட்டியது. சொம்பு காலியானது.

“போதுமாட்டி?”

“போதும்க்கா” என்றேன்.

அவளை நான் அக்கா என்று கூப்பிட்டதே கிடையாது. ஏன் அப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. பெரியம்மா என் வாயைத் துணியால் துடைத்துவிட்டாள், காய்ச்சல்காரிக்குத் துடைப்பதுபோல மெதுவாக.

அடுத்த ஆண்டு அவள் வெறுங்கையோடு கிளம்பினாள். சொம்பு எங்கே என்று கேட்டேன்.

“அவ குடிச்சாச்சுல்லா.”

குடித்தது நான், பெயர் அவளுக்கா என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பிடித்திருந்த கையை உதறிவிட்டு, மயானம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பெரியம்மாவின் இடப்பக்கமாகவே நடந்தேன்.