தாடையில் வைத்துப் பார்த்த கிட்டார்

மாமாவுக்குக் காது மந்தமாகி வந்தது வீட்டில் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். மாமா அவளுடைய தம்பி. மதுரையில் ஓர் இன்னிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தார். வேறு வேலை தெரியாது. ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கு அவர் கொஞ்சம் ஞாபகமறதிக்காரர், அவ்வளவுதான். அதனால் கிட்டார் கடைக்கு அவருடன் என்னை அனுப்பியபோது அம்மா சொன்னது எனக்குப் புரியவில்லை.

“அவன் பக்கத்துலயே நில்லு. யாராச்சும் கூப்புட்டா அவன் கையத் தொடு. எதுக்குன்னு கேக்காத.”

அதற்கு முந்தைய வாரம் அலங்காநல்லூர்க் கச்சேரியில், பாடகர் இருமல் வந்து பாட்டை நடுவில் நிறுத்தினார். எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். மாமா மட்டும் குனிந்த தலை நிமிராமல் வாசித்துக்கொண்டே போனார். கூட்டம் சிரித்தது. குழுவை நடத்தியவர் கீபோர்டு வாசிப்பவர். மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக அன்றே சொல்லிவிட்டார். மாமாவின் பழைய கிட்டார் மழையில் நனைந்து கழுத்து வளைந்து போயிருந்தது. புதிதைக் குழு வாங்கிக் கொடுப்பதால் மாஸ்டரும் கடைக்கு வந்தார். அன்று மாலையே மேலூரில் கச்சேரி.

கடைக்காரர் முதலில் ஐந்து கம்பி வைத்த சிவப்புக் கிட்டாரை எடுத்து வந்தார். ஐந்து கம்பி இருந்தால்தான் விழாக் கமிட்டிக்காரர்கள் மதிக்கிறார்களாம். மாமா அதைத் தோளில் மாட்டிக் கையை விட்டார். தலைப்பக்கம் தரையை நோக்கிச் சாய்ந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டார். அடுத்ததன் கழுத்து அவர் விரல்களுக்கு அகலம். மூன்றாவது கருப்பு, நாலு கம்பி, மினுமினுப்பு கிடையாது. அதை ஸ்பீக்கரில் இணைக்கப் போன கடைக்காரரைத் தடுத்தார். ஒரு கம்பியைத் தட்டி, கிட்டாரின் மேல்முனையைத் தாடை எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

“அண்ணே, கடிச்சுப் பாத்து வாங்க இது என்ன கரும்பா?” என்று கேட்டார் கடைக்காரர்.

நான் சிரித்தேன். மாஸ்டர் சிரிக்கவில்லை.

கிட்டாரை மேசைமேல் வைத்துவிட்டு மாமா ஸ்பீக்கர் பெட்டிகள் பக்கம் போனார். பையன் ஒருவன் வேறொரு கிட்டாரை இணைத்து வாசிக்க, மாமா செருப்பைக் கழற்றி, ஒவ்வொரு பெட்டியிலும் கெண்டைக்காலை ஒட்டி நின்று பார்த்தார். “கால் படுதுண்ணே, தொட்டுக் கும்பிட்டுக்கங்க” என்றார் கடைக்காரர். மாமா அசையவில்லை. நான் கையைத் தொட்டு, கும்பிடச் சொல்கிறார் என்றேன். அவசரமாகக் கும்பிட்டார். அவர் நெற்றி வியர்த்திருந்தது. கடையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். மாஸ்டர் மேசைமேல் இருந்த கருப்புக் கிட்டாரின் ஒரு கம்பியை, தலைப்பக்கத்துச் சுதிச் சாவியைத் திருகிக் கொஞ்சம் தளர்த்தினார். நான் பார்ப்பது தெரிந்ததும் உதட்டில் விரலை வைத்தார். யாரும் மாமாவைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மட்டும்தான் தொட வேண்டும். சும்மா நின்றேன்.

மாமா திரும்பி வந்து கிட்டாரை மாட்டினார். தட்டினார். தாடையில் வைத்தார். முகம் சுருங்கியது. சாவியைத் திருகினார், மறுபடி தாடை, மறுபடி சாவி. மாஸ்டர் சுதி காட்டும் முள்ளைத் தன் செல்போனில் வரவழைத்து, போனைக் கிட்டாருக்கு அருகே கொண்டுபோனார். முள் சரியாக நடுவில் நின்றது, சுதி பிசகவில்லை.

“இதையே குடுங்க” என்றார் மாஸ்டர்.

மாமா தரையில் உட்கார்ந்து கிட்டாரை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது, வாசலிலிருந்து மாஸ்டர் கூப்பிட்டார். “மாப்ள.” மாமா ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். “ஏ மாப்ள!” நான் தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றிருந்தேன். ஓடிப்போய் மாமாவின் கையைத் தொட்டேன். அவர் என் பக்கம் திரும்பினார், அப்புறம்தான் வாசலைப் பார்த்தார். மாஸ்டர் எங்கள் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

கடைசியில் கிட்டே வந்து மாமாவுக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “வேன். வந்துருச்சு. ஏறு.” கோபம் என்று நினைத்தேன். நானும் கூடவே ஏறினேன். மேலூர் போய்ச் சேரும்வரை மாமா கிட்டாரை மடியைவிட்டு இறக்கவில்லை.

மேடையில் கீபோர்டு எப்போதும் இடது ஓரத்தில் இருக்கும். அன்று மாஸ்டர் அதை நகர்த்தி மாமாவுக்கு எதிரே போட்டார். “கூட்டத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டா வாசிக்கப் போறீங்க?” என்று பாடகர் கேட்டார். இந்தப் பக்கம்தான் காற்று வருகிறது என்றார் மாஸ்டர். ஒவ்வொரு பாட்டுக்கும் அவர் தலையை ஆட்டிய பிறகே மாமா ஆரம்பித்தார். உள்ளங்கையைத் தூக்கியதும் நிறுத்தினார். ஓரிடத்திலும் பிசகவில்லை. ஆனால் முன்வரிசையில் இருந்த எனக்கு மாஸ்டரின் முதுகுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் அம்மாவிடம் பொருமித் தீர்த்தேன். “மாஸ்டருக்கு மாமாவக் கண்டாலே ஆகாதும்மா. கச்சேரி பூரா மறைச்சுக்கிட்டே நின்னாரு.”

அம்மா அடுப்பை அணைத்தாள். “எங்கிட்டுப் பாத்து நின்னாரு?”

“மாமாவப் பாத்துத்தான்.”

மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சிரித்தாள். இம்புட்டுச் சொல்கிறேன், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.