பீச்சாங்கை பிலோமி

பிலோமி டீச்சரைப் பற்றிப் பேச்சு வந்தால், "தங்கமான மனசு, என்ன பொறுமை!" என்று ஆரம்பிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்குப் பக்கத்து வகுப்பில் வேலை பார்த்தவள் நான். பொறுமையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவளைப் போல வஞ்சம் வைத்திருந்த பெண்ணை நான் பார்த்ததே கிடையாது. அந்த வஞ்சம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் காலடிப்பேட்டையில் பல பிள்ளைகள் நாலாம் வகுப்பைக் கண்ணால் பார்த்திருக்காது.

அறுபதுகளின் கடைசி. எங்களுடையது சின்ன ஆரம்பப் பள்ளி. ஓட்டுக் கட்டடம், வகுப்புக்கு வகுப்பு தட்டிதான் தடுப்பு. இரண்டாம் வகுப்பு எனக்கு, மூன்றாம் வகுப்பு பிலோமிக்கு. அந்தப் பக்கம் அவள் தும்மினால் இந்தப் பக்கம் என் பிள்ளைகள் சிரிக்கும். தினமும் ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர், புருஷன் பாஸ்கலுக்கு ரயில்வேயில் வேலை. வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைத்த வேலையை உதறிவிட்டு இவ்வளவு தூரம் ஏன் வந்தாள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

இப்போது பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் மனசைக் கவனிக்கவே ஆள் வைக்கிறார்களாம். அப்போது அந்த வேலைக்குப் பெயரே கிடையாது. பேசாத பிள்ளை, கடிக்கிற பிள்ளை, பலப்பம் திருடுகிற பிள்ளை எல்லாம் பிலோமியிடம்தான் வந்து சேரும். அவள் ஒருநாளும் பிள்ளைக்கு எதிரே உட்கார மாட்டாள். பக்கத்தில், தரையில் உட்காருவாள். "எதிர்ல குந்துனா போலீஸ்காரன் மாறி இருக்கும்" என்பாள். ஒரு முறம் புளியங்கொட்டையை நடுவில் வைத்துப் பொறுக்கச் சொல்லுவாள். கை ஓடிக்கொண்டிருந்தால் வாய் தானாகத் திறக்கும் என்பது அவள் கணக்கு. ஏன் அழுகிறாய் என்று கேட்கவே மாட்டாள். "நேத்து உங்க வூட்ல இன்னா கொழம்பு?" என்பாள். அந்தக் கேள்விக்குத் தப்பான பதில் கிடையாது இல்லையா?

வகுப்பிலேயே ஒரு பிள்ளை பாவாடையை நனைத்துவிட்டால் அதையே கூப்பிட்டுப் பானையைக் கொண்டுவரச் சொல்லுவாள். வாங்கும்போது கைதவறியது போலப் பாதித் தண்ணீரை அதன் மேலேயே கொட்டிவிடுவாள். "சீ, என் கை ஒரு கலீஜ் கை" என்று தன்னையே திட்டிக்கொண்டு தகரப் பெட்டியிலிருந்து மாற்றுப் பாவாடை எடுத்துக் கொடுப்பாள். எதனால் நனைந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைகள் அவளிடம் சொன்னது எதுவும் வெளியே வராது. நான் நச்சரித்தால், "உனக்கு இன்னாத்துக்கு அது?" என்று மூஞ்சியில் அடித்தாற்போலச் சொல்லிவிடுவாள்.

தலைமை ஆசிரியர் வேதமாணிக்கம் இதற்கெல்லாம் நேர் எதிர். கையெழுத்துக்குப் பேர்போன மனுஷர். முத்து முத்தாக எழுதுவார். மூன்றாம் வகுப்புக்கு எழுத்துப் பயிற்சியை அவரேதான் எடுப்பார், கையில் ரூல்தடியோடு. இடது கை என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. "கால் கழுவுகிற கையால் அட்சரம் எழுதுவதா?" என்பார்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது பிலோமியின் இடது கை நடுவிரல் கோணிக்கொண்டிருப்பதைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டேன். தலைமை ஆசிரியர் அறையைக் கண்ணால் காட்டினாள்.

"ஜப்பான் யுத்தம் நடந்துகினு இருந்துச்சே, அப்போ ராயபுரத்துல எனக்கு மூணாங்கிளாஸ் வாத்தியாரு அவுரு. பீச்சாங்கையில எழுதறேன்னு சாக்குக் கயிறால கைய பெஞ்சுல கட்டிட்டாரு. ஒண்ணுக்கு வருது சார்ன்றேன், காதுலயே வாங்கல. அங்கியே போயிட்டேன். என் பாவாடையாலயே தொடைக்க வச்சாரு. அப்பால கட்ட அவுத்ததும் மறுபடியும் அதே கையில பலப்பத்த எடுத்தேன். ரூல்தடிய நிமித்திப் புடிச்சி ஒண்ணு வச்சாரு. வெரலு போச்சு. அம்மாகிட்ட வுழுந்துட்டேன்னு சொன்னேன்."

"அவருக்கு உன்ன அடையாளம் தெரியலியா?"

"மொத நாளு வணக்கம் வச்சேன். நல்ல குடும்பத்துப் பெண் போலிருக்கிறதுன்னாரு." சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. "இங்க ஹெட்மாஸ்டரா கீறார்னு தெரிஞ்சிதான் வந்தேன், வரலச்சுமி. அவுரு கைய கட்டாம நான் இந்த ஸ்கூல உட்டுப் போவமாட்டேன்."

அன்றிலிருந்து எனக்கும் அந்த ஆசை ஒட்டிக்கொண்டது. அவர் தாழ்வாரத்தில் நடந்து போகும்போதெல்லாம் எப்போது விழுவார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் பிலோமியின் வகுப்பில் மலிகா வந்து சேர்ந்தாள். அவள் அம்மா கெங்கம்மா, காத்திவாக்கத்திலிருந்து இறால் வாங்கி வந்து கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பவள். மலிகாவுக்கு எல்லாமே இடது கைதான். வேதமாணிக்கம் ரிப்பனால் அந்தக் கையை இடுப்போடு சேர்த்துக் கட்டினார். வலது கையில் எழுது என்று நிற்க வைத்தார். கோணல் மாணலாக வந்த எழுத்தை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார். ஆடி பிறப்பதற்குள் அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டாள். பிலோமி அவர் அறைக்கே போய்ச் சண்டை போட்டாள். பள்ளிக்கூடம் நடத்த எனக்குத் தெரியும் என்று அனுப்பிவிட்டார்.

அதோடு விட்டாரா? கெங்கம்மாவைக் கூப்பிட்டனுப்பி, "இந்தக் குழந்தைக்கு மூளை வளர்ச்சி போதாதம்மா. இன்ஸ்பெக்ஷன் முடிந்ததும் பெயரை எடுத்துவிடுகிறேன். ஏதாவது வேலை பழக்குங்கள்" என்று சொல்லிவிட்டார். கெங்கம்மாவும் பெண்ணை இறால் உரிக்கப் போடத் தயாராகிவிட்டாள். பெரிய சார் சொன்னால் அவள் என்ன செய்வாள்?

பிலோமி அவள் வீட்டுக்குப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். போனதும் பள்ளிக்கூடத்துப் பேச்சையே எடுக்கவில்லை. இறால் என்ன விலை என்று கேட்டு, பேரம் பேசி, வாங்கி முடித்த பிறகுதான், "உம் பொண்ணு சிலேட்டுல மீன் போட்டா பாரு, செதிலு ஒண்ணொண்ணா ஷோக்கா போட்டு கீறா" என்றாள். கெங்கம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்ணைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது.

"வாயே தொறக்க மாட்டேங்குதே டீச்சரம்மா. ஊமையாயிடுச்சோன்னு பேஜாரா கீது."

"ஊமையெல்லாம் இல்ல. கைய கட்டுனாங்க, வாயும் சேந்து கட்டிக்கிச்சி. பேர எடுக்க ஒத்துக்காத. இன்ஸ்பெக்சன் வரிக்கும் டைம் குடு."

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் மலிகாவும் பிலோமியும் புளியங்கொட்டை பொறுக்குவார்கள். பேச்சே இருக்காது. குழம்புக் கேள்விகூடக் கேட்காமல் விட்ட ஒரு நாளில் மலிகா தானாகவே, "இறா கொழம்பு" என்றாள். பிலோமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கத்திரிக்கா போட்டா, போடாமியா?" என்று கேட்டுக்கொண்டே கொட்டையைப் பொறுக்கினாள். அந்த மத்தியானங்களில் மலிகா இடது கையால் எழுதினாள். எழுத்து அச்சு மாதிரி இருந்தது.

இன்ஸ்பெக்ஷன் அன்று மக்குப் பிள்ளைகளை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடுவது எங்கள் பள்ளி வழக்கம். வேதமாணிக்கம் முதல் நாளே மலிகாவை வரவேண்டாம் என்றார். பிலோமி தலையை ஆட்டிவிட்டு, சாயந்தரம் மலிகாவிடம், "நாளைக்கு வர்றியா? பயமா இருந்தா வேணாம்" என்றாள். மலிகா வருகிறேன் என்றாள். "உன்ன யாரும் எழுந்து நிக்க வைக்க மாட்டாங்க. உன் கை மேல ஒரு அடி வுழாது. அது எம் பொறுப்பு." பிள்ளைகளுக்கு வாக்கே கொடுக்காதவள் அன்றைக்குக் கொடுத்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. "உன் பழிக்கு இந்தக் கொழந்தையா கெடச்சா?" என்று கேட்டே விட்டேன்.

"அவ எடத்துல அவ குந்தப் போறா. அவ்ளோதான். மீதிய நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் மூன்றாம் வகுப்புக்குச் சொல்வதெழுதுதல் கொடுத்தார். தட்டி ஓட்டை வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மலிகாவைக் கண்டதும் வேதமாணிக்கத்தின் முகம் கறுத்தது. பிலோமி மலிகாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு சிலேட்டாகப் பார்த்து வந்து மலிகாவிடம் நின்றார். "அடடே, அழகா எழுதுதே இந்தப் பொண்ணு!"

"இடக்கைப் பழக்கம், சார். மாற்றிக்கொண்டிருக்கிறோம்" என்ற வேதமாணிக்கம், மலிகாவிடம் திரும்பினார். "கையை மாற்று."

மலிகாவின் பலப்பம் நின்றது.

"மாத்தாத கண்ணு. நீ எழுது" என்றாள் பிலோமி.

ஒரு ஆசிரியை, இன்ஸ்பெக்டர் முன்னால், தலைமை ஆசிரியர் சொல்லைத் தட்டுகிறாள். அந்த மனுஷரை அவர் பெண்சாதியைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவள் பிலோமி. "மாற்று என்கிறேன்!" என்று கத்திக்கொண்டே, பக்கத்தில் நிற்பது யார் என்பதையும் மறந்து, ரூல்தடியை நிமிர்த்திப் பிடித்து ஓங்கினார். பிலோமி தன் இடது கையை மலிகாவின் கைமேல் வைத்தாள். அடி அவள் விரலில் விழுந்தது. தட்டிக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகள் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டன.

"என்னய்யா இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பிலோமி கையைத் தூக்கிப் பார்த்தாள். விரல் முட்டியில் ரத்தம். "ஒண்ணியும் இல்ல சார். பழைய எடத்துலயே பட்டுச்சி" என்றவள் வேதமாணிக்கத்தைப் பார்த்தாள். "ராயபுரம், மூணாங்கிளாஸ். சாக்குக் கயிறு. ஞாபகம் வருதா சார்?"

அவர் விழித்தார். "எத்தனையோ பிள்ளைகள்..." என்று இழுத்தார். கையில் ரூல்தடி அப்படியே இருந்தது. அவர்களுக்குக் கீழே மலிகா விட்ட இடத்திலிருந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் இனிக்கிறது. இன்ஸ்பெக்டரின் அறிக்கை போனது. நிர்வாகம் வேதமாணிக்கத்தைக் கூப்பிட்டது. அந்த முத்து முத்தான கையெழுத்தில் ராஜினாமாவைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மலிகா நாலாம் வகுப்புக்குப் போனாள். வாயாடி என்று அந்த வகுப்பு டீச்சர் என்னிடம் புகார் சொன்னாள்.

அடுத்த தவக்காலத்தில், நோன்பு நாட்களில், வேதமாணிக்கம் பள்ளி வாசலுக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறாராம். அதற்கு முன்னால் பிலோமியிடம் மன்னிப்புக் கேட்க வந்தாராம். கைகூப்பினார்.

"மன்னித்துவிடம்மா. பொய் சொல்லக் கூடாது, உன் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை. இருந்தாலும் மன்னித்துவிடு."

"ஞாபகம் வந்தப்பறம் வாங்க சார்" என்றாள் பிலோமி.

பரிதாபப்பட வேண்டும் என்று பார்த்தேன். வரவில்லை. மனசு குளிர்ந்துதான் போயிருந்தது.

ஈஸ்டருக்கு முன்னால் மறுபடியும் வந்தார். தூங்கியே பல நாள் ஆனவர் போலிருந்தார். "வந்துவிட்டதம்மா" என்று அவசரமாகச் சொன்னார். "இரட்டைப் பின்னல். சிவப்புக் கல் தோடு. கடைசி பெஞ்சு. அழவே மாட்டாய். நீதானே?"

பிலோமி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அது ஃப்ளோரன்ஸ், சார். அந்த வருசத்தோட படிப்ப நிறுத்திட்டா. மொதல்ல அவகிட்ட போங்க."

"எங்கே இருக்கிறாள்?"

"தேடுங்க, சார்."