ரத்தக் காட்டேரிக்கு ஒரு மஞ்சள் அட்டை

வாரம் ஒருமுறை, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த காலையில், தூங்கும் முன் நாங்கள் மூன்று பேரும் ஒரு படம் பார்ப்போம். கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரே அறை. ஜன்னலில் கறுப்பு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தோம். பத்து மணி வெயிலிலும் உள்ளே இருட்டுதான்.

ஆலையில் உதிரிப் பாகங்களுக்குக் கட்டுகிற அட்டையைத்தான் படத்துக்கும் கொடுப்போம். பச்சை தேறியது, மஞ்சள் திருத்த வேண்டியது, சிவப்பு குப்பை. காரணம் எழுதாத அட்டை செல்லாது. படத்தைத் தேர்ந்தெடுத்தவனுக்கு ஓட்டு கிடையாது. மற்ற இருவரும் சிவப்பு கொடுத்துவிட்டால், இரண்டு மாதம் அவன் படம் தேர்ந்தெடுக்கவும் முடியாது.

அந்த வாரம் என் முறை. பழைய கறுப்பு வெள்ளை ரத்தக் காட்டேரிப் படம். யாரோ கட்டுரையில் புகழ்ந்திருந்ததைப் படித்துவிட்டு, ஒரு வாரமாகக் கேன்டீனில் ஒளி, நிழல் என்று வகுப்பெடுத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜுக்குப் போனவன் நான். அறையில் எனக்கிருந்த மரியாதை அந்தப் படிப்புக்குத்தான்.

பத்தாவது நிமிடமே தெரிந்துவிட்டது, குப்பை. வௌவாலைத் தூக்கிய கம்பி தெரிந்தது. ரத்தம் கியர் ஆயில் மாதிரி வழிந்தது. பகலெல்லாம் சும்மா இருந்த கதாநாயகன், காட்டேரியைக் கொல்லச் சரியாகப் பொழுது சாயும்போது கிளம்பினான். கதாநாயகி கத்துவதற்கு மட்டும் சம்பளம் வாங்கியவள்.

காட்டேரி கப்பலேறி வந்தபோது பழவேற்காட்டு நண்பன் எழுந்து உட்கார்ந்தான். மீன்பிடிக் குடும்பத்துக்காரன்.

"இன்னாடா இது? கொடி இந்தாண்ட பறக்குது, பாய் அந்தாண்ட உப்பிக்கினு கீது. எந்த ஊரு காத்துடா?"

"பொம்மக் கப்பலத் தொட்டியில உட்டு எடுத்திருப்பானுங்க," என்றான் ஆரம்பாக்கத்து நண்பன்.

"நிழலைப் பாருங்கடா," என்றேன்.

"நிழலு நல்லாத்தான் கீது. ஆளுதான் சரியில்ல," என்றான் பழவேற்காட்டான்.

படம் முடிந்ததும் பழவேற்காட்டான் சிவப்பு அட்டையை நீட்டினான். காரணம் எழுதுவது எப்போதும் என் வேலை. 'காற்று' என்று எழுதினேன். அடுத்த சிவப்பும் வந்தால் என் கதை முடிந்தது.

ஆரம்பாக்கத்தான் எடுத்தது மஞ்சள்.

"பொழுது சாஞ்சதும் காட்டேரி சவப்பொட்டியத் தொறந்துகினு எந்திரிக்கிறான் பாரு, அப்போ அவன் மூஞ்சியப் பாத்தியா? இன்னிக்கும் போவணுமான்னு ஒரு மூஞ்சி. ஷிஃப்ட் பஸ்ஸுல நாம இப்டிதான் குந்திக்கினு போறோம். அத்த மட்டும் வெச்சிக்கினு மீதிய திருப்பி எடுக்கச் சொல்லு."

என் முறை தப்பித்தது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. நிழலைப் பற்றி அவ்வளவு பேசிய நான் அந்த முகத்தைக் கவனிக்கவே இல்லை. அவன் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"இன்னா படிச்சவரே, இது அந்தக் கட்டுரையில கீதா?" என்றான் பழவேற்காட்டான்.

"இல்லடா."

சாயங்காலம் ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. பாயிலிருந்து எழுந்தபோது இருவரும் என் மூஞ்சியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்பாக்கத்தான் கையில் ஒரு பச்சை அட்டை.