தண்ணீர் பார்த்துக் கட்டிய ஃபீஸ்

ஜியாலஜியில் எம்.எஸ்ஸி. படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது அத்தா தன் லோடு ஆட்டோவில் பேண்டேஜ் துணிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார். தறிகளில் இருந்து துணியை எடுத்துப்போய் ராஜபாளையத்துக் கம்பெனிகளில் இறக்குவதுதான் அவருக்கு வேலை. கையிலிருந்த கட்டை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பினார்.

"மதுரையிலயா? ஆஸ்டல்ல தங்கியா?"

"ஆமா அத்தா."

"சரி. வண்டியை வித்துருவோம்."

அவ்வளவுதான் சொன்னார். அக்காவின் கல்யாணம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வீட்டில் விற்பதற்கு மிச்சமிருந்தது அந்த வண்டி மட்டும்தான். அதை விற்றால் மறுநாள் எதை ஓட்டுவார்? "வண்டி இருக்கட்டும், படிக்கிறது நான், கட்டுறதும் நானே கட்டிக்கிறேன்" என்றேன். எப்படிக் கட்டுவேன் என்று அப்போது எனக்கே தெரியாது. ஆனால் சொன்ன சொல்லில் சந்தேகமும் இல்லை. அம்மாதான் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "கல்லைப் படிக்கதுக்கு இம்புட்டுச் செலவா?" என்றாள்.

பி.எஸ்ஸி. கடைசிப் பரீட்சை முடிந்த நேரம் அது. கல்லூரியில் சேர இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. ஒருநாள் அத்தாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஒரு மோட்டார் வைண்டிங் கடைக்குப் போயிருந்தேன். வயல் மோட்டார்களைப் பழுது பார்க்கிற கடை. போர் போடவும் ஏற்பாடு செய்து தருவார்கள். மேசைக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டி. அதன் மேல் காலி டீ கிளாஸ்களை அடுக்கி வைத்திருந்தார்கள். பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் கல்லூரி லேபில் இருந்ததைவிட நல்ல மீட்டர்.

"அண்ணாச்சி, இது நீரோட்டம் பாக்குற மீட்டர்தானே? ஏன் சும்மா கெடக்கு?"

"ஓட்டுறவன் துபாய்க்குப் போயிட்டாம்மா. எங்களுக்கு அது புரிபடல."

"நான் ஓட்டுவேன்."

கடைக்கார அண்ணாச்சி சிரித்தார். அத்தா என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக்கு நம்ம தோப்புக்கு வா. அங்க ஒரு போர் இருக்கு. எத்தனை அடியில தண்ணி வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நீ சொல்லு பாப்போம்" என்றார் அண்ணாச்சி.

மறுநாள் போனேன். அந்த மீட்டரில் மந்திரம் ஒன்றும் இல்லை. தரையில் நான்கு கம்பிகளை அடித்து மின்சாரம் விட வேண்டும். அடியில் ஈரமுள்ள வெடிப்பு இருந்தால் மின்சாரம் எளிதாகப் போகும். கெட்டிப் பாறை என்றால் முரண்டு பிடிக்கும். கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடித்தால் இன்னும் ஆழத்தில் இருப்பது தெரியும். வரைபடம் போட்டுப் பார்த்து, மேலே ஒரு வெடிப்பும் கீழே ஒரு வெடிப்பும் இருப்பதாகச் சொன்னேன். அண்ணாச்சி போய்ப் போர்க் குழாயை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "கீழ உள்ளது சரி. மேல உள்ளதை நாங்க பைப் விட்டு அடைச்சிட்டோம். அது உனக்கு எப்பிடித் தெரிஞ்சிச்சு?" என்று கேட்டார்.

ஒப்பந்தம் அங்கேயே முடிந்தது. நீரோட்டம் பார்க்கும் கூலியில் பாதி எனக்கு. போர் வண்டிக்காரர் தருகிற கமிஷன் முழுக்க அவருக்கு.

தனியாகப் போகக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அதனால் அத்தாவே என் உதவியாளர் ஆனார். துணி லோடு இல்லாத வேளைகளில் மீட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்புவோம். சம்மட்டியால் கம்பி அடிப்பது அவர், அளவு எடுப்பது நான். "வண்டி வாடகையை யாருகிட்ட கேக்க?" என்று வரப்பில் நின்று சத்தம் போடுவார். நான் காதில் விழாதது போல இருப்பேன். சித்திரை, வைகாசி இரண்டும் போர் போடுகிறவர்களுக்குக் கொண்டாட்டமான மாதங்கள். அந்தக் கோடையில் என் முகம் கறுத்துப்போனது. முதல் செமஸ்டர் ஃபீஸும் ஆஸ்டல் பணமும் சேர்ந்துவிட்டன. கல்லூரியில் பணம் கட்டிவிட்டு வெளியே வந்தபோது யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஜிகர்தண்டா விற்றவரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிக் கொடுத்தார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதுரையில் பஸ் ஏறுவேன். சனி, ஞாயிறு வயல். திங்கள் காலை வகுப்பு. கூடப் படித்தவர்கள் புத்தகத்தில் வரைந்து படித்ததை நான் காலில் மிதித்துப் படித்துக்கொண்டிருந்தேன். செண்பகத்தோப்பு பக்கம் மலையிலிருந்து உருண்டு வந்த கற்கள் எவ்வளவு ஆழம்வரை கிடக்கின்றன என்று வகுப்பில் நான் சொல்ல, பேராசிரியர் எழுதிக்கொண்டார்.

கடைசி செமஸ்டருக்கு முன்னால்தான் சிக்கல் வந்தது.

சுந்தரபாண்டியத்தில் ஒரு விவசாயி. மக்காச்சோளம் போடுகிறவர், கிணறு வற்றிவிட்டது. இடம் தெரிந்ததும் உடனே வேலையைத் தொடங்கலாம் என்று போர் வண்டிக்காரரையும் அண்ணாச்சியே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நானும் அத்தாவும் காலையிலிருந்து அந்த நிலத்தைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தோம். எந்தப் பக்கம் போனாலும் ஒரே கதைதான். கொஞ்சம் மண், அதற்குக் கீழே ஒரு கீறல்கூட இல்லாத பாறை. இடம் மாற்றி மறுபடியும் அடித்துப் பார்த்தேன். மாறவில்லை.

"ஐயா, இதுல போர் போடாதீங்க. தண்ணி கெடைக்காது" என்றேன்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி புருஷனைப் பார்த்து, "நீள்ளு லேதா?" என்று தெலுங்கில் மெதுவாகக் கேட்டார், தண்ணீர் இல்லையா என்று. விவசாயிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"தண்ணி எங்க இருக்குன்னு சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டேன். இல்லேன்னு சொல்லவா? அதை நானே சொல்லுவனே!"

அண்ணாச்சி என்னைப் புளியமரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "ஏம்மா, ஏதாவது ஒரு மூலையில பாயிண்டைக் காட்டிட்டுப் போ. வந்தா அவருக்கு அதிர்ஷ்டம், வரலேன்னா பூமியோட குத்தம். வண்டி வந்து நிக்கு பாரு."

"வரவே வராதுன்னு தெரிஞ்ச பொறவு எப்பிடி அண்ணாச்சி காட்ட?"

"உனக்கு ஃபீஸ் கட்ட வேண்டாமா?"

அந்தக் கேள்வி சுருக்கென்று குத்தியது. கட்ட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த அம்மாள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்து நின்றார். நான் அவரிடம் போய், "அம்மா, கெணத்துல பாதிக்கு மேல மண்ணு அடைஞ்சிருக்கு. போருக்கு வச்சிருக்க பணத்துல கொஞ்சத்தை எடுத்துத் தூர் வாருங்க. மழை பெஞ்சா அது நிக்கும்" என்றேன். விவசாயி வரப்பில் ஏறி வீட்டைப் பார்த்து நடந்தார். கூலியும் தரவில்லை. அண்ணாச்சி மீட்டரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இனி வர வேண்டாம் என்று அதற்கு அர்த்தம்.

ஆட்டோவில் திரும்பினோம். ராஜபாளையம் நெருங்கும்போது அத்தா, "எனக்கு அந்த மீட்டரு படிக்கத் தெரியாது. ஆனா நீ மறுக்கா மறுக்கா அடிக்கச் சொன்னப்பவே தெரிஞ்சிச்சு, இல்லைன்னு சொல்லத்தான் போறன்னு" என்றார். பிறகு, "வண்டியை வேணா..." என்று ஆரம்பித்தார். "அத்தா!" என்றேன். நிறுத்திக்கொண்டார்.

கல்லூரி அலுவலகத்தில் போய் அபராதத்தோடு கட்டுகிறேன், அவகாசம் வேண்டும் என்று கேட்டேன். கொடுத்தார்கள். அழவில்லை, கெஞ்சவும் இல்லை. எனக்குத் தெரிந்த தொழில் என் கையில் இருந்தது, மீட்டர்தான் இல்லை. வேறு கடையில் வேறு மீட்டர் இருக்காதா என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தேன்.

அதற்குள் சுந்தரபாண்டியத்து விவசாயியிடமிருந்தே போன் வந்தது. அன்றைக்கு வந்த போர் வண்டி சும்மா திரும்பவில்லையாம். அடுத்த நிலத்துக்காரர், இவ்வளவு தூரம் வந்துவிட்டதே என்று தன் நிலத்தில் போடச் சொல்லியிருக்கிறார். மறுநாள் விடிய ஆரம்பித்துப் பொழுது சாயும்வரை ஓட்டியும் வெள்ளைப் புழுதி மட்டும்தான் வந்ததாம்.

"அந்தப் புழுதி பூரா எங்க வீட்டுலதாம்மா வந்து விழுந்துச்சு" என்றார். "என் பணம் தப்பிச்சுது. அன்னைக்கு கோவத்துல பேசிட்டேன், மனசுல வச்சிக்காத. வத்திராயிருப்புல என் மச்சினனுக்குத் தென்னந்தோப்பு. ரெண்டு போர் போட்டு ரெண்டும் பொய்ச்சுப்போச்சு. நீ வந்து சொன்னாத்தான் மூணாவது போடுவேன்னு நிக்கான்."

நேராக அண்ணாச்சி கடைக்குப் போனேன். மீட்டரைக் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "சுந்தரபாண்டியத்துக்காரவிய எனக்கும் போன்ல பேசுனாவ. இல்லேன்னா இல்லேன்னு சொல்லுற புள்ளைதான் வேணுமாம். இதுவரைக்கும் எந்த ஆபரேட்டரையும் இப்பிடிக் கேட்டு ஒருத்தரும் வந்ததில்ல" என்றார்.

"இனிமே என் கூலி முழுசும் எனக்கு. மீட்டருக்கு வாடகை தாரேன். பாயிண்ட் காட்டினாலும் காட்டாட்டியும் கூலி உண்டுன்னு மொதல்லயே சொல்லிருங்க."

பையன் ஒருவனை அனுப்பி டீ சொன்னார். மேசைக்கு அடியிலிருந்து மீட்டரை இழுத்து என் பக்கம் வைத்தார்.

வத்திராயிருப்புத் தோப்பில் ஏற்கெனவே போட்ட இரண்டு குழிகளும் வீட்டுக்குப் பக்கத்தில், வசதியான இடங்களில் இருந்தன. நான் காட்டிய இடமோ தோப்பின் கோடியில், மலையைப் பார்த்த ஓரத்தில். போர் ஓடத் தொடங்கியதும் அத்தா தொழுகைத் தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு தூரமாய்ப் போய் நின்றார். நான் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். முதலில் செம்மண், பிறகு சாம்பல் நிறப் புழுதி. நேரம் ஆக ஆகத் தோப்புக்காரர் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மண்ணைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்குக் கணக்கில் சந்தேகம் இல்லை. "இன்னும் போகட்டும்" என்றேன். சத்தம் திடீரென்று மாறியது. புழுதி சேறானது, சேறு கரைந்து, தென்னை மட்டை உயரத்துக்குத் தண்ணீர் பீச்சியடித்தது. தோப்புக்காரர் சட்டையோடு நனைந்தபடி நின்று சிரித்தார். அத்தா எனக்குக் கேட்காதபடி எதையோ ஓதிக்கொண்டிருந்தார்.

அடுத்த சில வாரங்களில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்தே எனக்கு வேலை வந்தது. அபராதத்தோடு கடைசி ஃபீஸைக் கட்டினேன். எம்.எஸ்ஸி. முடித்தேன். இப்போது நிலத்தடி நீர் ஆய்வுத் திட்டம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மாதச் சம்பளம், ஊர் ஊராகச் சுற்றல். சொந்தமாக ஒரு மீட்டரும் வாங்கிவிட்டேன். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா தெருக்காரர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எம்மவகிட்ட கேட்டுட்டு போர் போடுங்க. ஆனா தண்ணி இல்லேன்னா இல்லேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிப்புடுவா, பாத்துக்கிடுங்க."