எங்கே பார்த்தாலும் மாதா

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். எனக்கு இரண்டு முறை கரு கலைந்தபோது, ஒரு வருடம் முழுக்கச் சனிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து எனக்காக மாதாவிடம் வேண்டிக்கொண்டவர். அதற்குப் பிறகுதான் மகள் பிறந்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டியது, நடக்கப் பழக்கியது எல்லாம் அவர்தான். அதனால் மாதாவைப் பற்றி அண்ணி எதைச் சொன்னாலும் எனக்கு மறுபேச்சு வராது.

மகள் ஒன்றாம் வகுப்பு படித்த வருடம், குருசுக்குப்பத்துக் கடலோரத்தில் சூரியனுக்குள் மாதா தெரிகிறார் என்று பேச்சு கிளம்பியது. யாரோ காமிரா செல்போனில் எடுத்த படம் ஒன்று கைமாறிக் கைமாறி எங்கள் வீட்டுக்கும் வந்தது. வெள்ளை வெளிச்சத்துக்கு நடுவே கதவு மாதிரி ஒரு நிழல். மோட்சத்தின் வாசல் என்றார்கள். நான் இயற்பியல் படித்தவள். லென்சில் வெளிச்சம் பட்டால் அப்படித்தான் விழும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும், "ஆமாண்ணி, கதவு மாதிரிதான் இருக்கு" என்றுதான் சொன்னேன்.

பங்குச் சாமியார் பூசை முடிவில், யார் யாருக்குக் கல்யாணம் என்று ஓலை வாசித்த கையோடு, "திருச்சபை இதை ஏத்துக்கல. யாரும் சூரியனைப் பாக்காதீங்க" என்று ஒருமுறை சொன்னார். கோயிலை விட்டு வெளியே வந்ததும் அண்ணி சிரித்தார். "சாமியார் கண்ணுக்கு மாதா தெரியல போல. அந்தப் பொறாமை."

மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலைப் பூசை முடிந்து கூட்டமாகக் கடலோரம் போனோம். எட்டு மணி இருக்கும். சூரியன் தண்ணீரை விட்டு நன்றாக மேலே ஏறியிருந்தது. கருங்கற்களின் மேல் நின்று செபமாலை சொல்லிக்கொண்டே எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"சுத்துது பாரு, சுத்துது பாரு!"

"நீலமா ஆவுதுடி!"

அண்ணி மகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். "சிமிட்டாம பாரு கண்ணு. பாவம் இல்லாத பிள்ளைங்களுக்குத்தான் மொதல்ல தெரியும்."

நான் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து காலடிக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணை நான் காப்பாற்றிக்கொண்டேன். மகளின் தோள்மேல் என் கை இருந்தது. அதைக் கொஞ்சம் உயர்த்தி அவள் கண்ணை மூடியிருக்கலாம். பக்கத்தில் நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள், அண்ணி என்ன நினைப்பார் என்று யோசித்தேன். ஒருவேளை நிஜமாகவே ஏதாவது தெரிந்து, அதை நான் மறைத்துவிட்டால் என்றும் யோசித்தேன். பத்து 'அருள் நிறைந்த மரியே' முடியும்வரை யோசித்துக்கொண்டே நின்றேன்.

"தெரியுது அத்தை" என்றாள் மகள்.

மறுநாள் காலையிலும் அவளுக்குத் தெரிந்தது போகவில்லை. தட்டைப் பார்த்து, "இட்லி மேலயும் மாதா நிக்கிறாங்க" என்றாள்.

"எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"கறுப்பா, சின்னதா. நான் எங்க பாத்தாலும் நடுவுல வந்து நிக்கிறாங்கம்மா."

அண்ணி அங்கேயே முழந்தாளிட்டு அழுதார். அன்று சாயங்காலத்துக்குள் தெருவே வந்துவிட்டது. "இப்ப எங்க இருக்காங்க கண்ணு?" என்று கேட்ட பெண்ணிடம், "உங்க மூக்கு மேல" என்றாள். அந்தப் பெண் மூக்கைத் தொட்டுக் கையை முத்தமிட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்திலோ கரும்பலகையில் இருப்பதை எழுதுவதே இல்லை என்று டீச்சர் டைரியில் குறித்து அனுப்பினார்.

கண் டாக்டரிடம் காட்டலாம் என்றேன் அண்ணியிடம்.

"மாதாவைப் பாத்த கண்ணுல மருந்து ஊத்தப் போறியா? நவநாள் சொல்லிட்டு இருக்கேன், ஒம்பது நாள் பொறுக்க முடியாதா உன்னால?"

கணவருக்குச் சென்னையில் வேலை. போனில் சொன்னேன். "அக்கா மனசு நோவக்கூடாது. நீ படிச்சவ, பாத்து நடந்துக்க" என்றார். சாமியாரிடம் போனேன். "பிள்ளைய மொதல்ல டாக்டர்கிட்ட காட்டும்மா" என்றார். நீங்கள் அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "மைக்ல சொன்னதையே கேக்கலியே. தனியா வந்து சொன்னா மட்டும் கேப்பாங்களா?"

ஆறாம் நாள், டீச்சரைப் பார்க்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு மகளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்த டாக்டரம்மா, "கிரகணம் எதுனா பாத்தாளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வெல்டிங் பட்டறை?" அதுவும் இல்லை. பிறகு நடந்ததைச் சொன்னேன்.

"நீங்க கூட இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"கண்ணுக்குள்ள, பார்வைக்கு நடுவுல வெயில் சுட்டிருக்கு, அந்தக் கறுப்பு அதுதான். இதுக்கு மருந்து இல்லம்மா. தானா ஆறணும். ஆறு மாசம் பாக்கலாம்."

"முன்னாடியே கூட்டி வந்திருந்தா?"

"வந்தாலும் இதேதான் சொல்லியிருப்பேன். அன்னிக்கு அங்கேயே கண்ண மூடியிருக்கணும்."

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சண்டை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. "டாக்டருக்கு டாக்டர் படிச்சதுதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு விளக்கேற்றப் போனார். அவர் மேல் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? அவர் நம்பினார், பார்க்கச் சொன்னார். நான் நம்பாமலே பார்க்க விட்டேன்.

அதன் பிறகு தினமும் சாயங்கால செபம் முடிந்ததும் அண்ணி, "இன்னும் தெரியுதா கண்ணு?" என்று கேட்பார். "தெரியுது அத்தை" என்பாள் மகள். அண்ணியின் முகம் மலரும். தினமும் காலையில், பள்ளிக்குக் கிளப்பும்போது நானும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். முதல் இரண்டு வாரம் "தெரியுதும்மா" என்றாள். என் முகம் எப்படிப் போயிற்றோ, தெரியவில்லை. ஒருநாள் காலை, "இல்லம்மா, போயிடுச்சு" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அன்று சாயங்காலமே அண்ணியிடம், "தெரியுது அத்தை" என்றாள்.

மறுநாள் அவளைத் தனியாக நிற்க வைத்து, "எதுடி நிஜம்? அடிக்க மாட்டேன், சொல்லு" என்றேன்.

"நிஜமா இல்லம்மா. சுத்தமா போயிடுச்சு."

பவுடர் போடக் குனிந்திருந்தேன். அவள் முகம் லேசாக ஒருபக்கம் திரும்பியிருந்தது. என் கண்ணைப் பார்க்காமல் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் நிற்பதைத் தாண்டி என் முகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு அதன் ஓரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

"உனக்கு சந்தோசம்தானேம்மா?" என்றாள்.

"சந்தோசம்தான் கண்ணு" என்றேன்.